எழுதிவைத்த சொல்லும் ஊர்க்கூட்டமும்: அமெரிக்க மக்களாட்சியின் வேர்கள்

அமெரிக்க மக்களாட்சி பிறந்த நாள் எது என்று கேட்டால் பாடநூல்கள் இரண்டு தேதிகளைச் சொல்லும். ஒன்று, விடுதலை அறிக்கை ஏற்கப்பட்ட 1776 ஜூலை 4. மற்றொன்று, அரசியலமைப்புச் சட்டத்தில் 39 பேர் கையெழுத்திட்ட 1787 செப்டம்பர் 17. இரண்டும் பிலடெல்பியாவில் ஒரே கட்டடத்தில் நடந்தவை. அந்தக் கட்டடத்துக்குள் வந்து உட்கார்ந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. தேர்தல் நடத்துவது, தீர்மானம் எழுதுவது, வரவு செலவைத் தட்டிக் கேட்பது, பிடிக்காத ஆளுநரின் சம்பளத்தை நிறுத்திவைப்பது எல்லாம் அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கைவந்த பழக்கம். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

இதற்கு அறிஞர்கள் தந்த விடைகள் பல. இங்கிலாந்தின் சட்ட மரபே மூலம் என்பார் ஒரு சாரார். கிரேக்கமும் ரோமும் என்பார் சிலர். லாக், மான்டெஸ்கியூ போன்ற ஐரோப்பியச் சிந்தனையாளர்களைக் காட்டுவார் சிலர். பியூரிட்டன் திருச்சபையை முன்வைப்பாரும், இரோகுவா பழங்குடிகளின் கூட்டாட்சியை முன்வைப்பாரும் உண்டு. எல்லாவற்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஒரே அளவில் இல்லை. ஆள்பவரைக் கட்டுப்படுத்த எழுதிவைத்த சாசனமும், அதைப் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்ட உள்ளூர்க் கூட்டமும்தான் ஆணிவேர் என்பது என் முடிவு. அந்த ஆட்சியை உண்மையில் மக்களாட்சி ஆக்கியவர்களோ, தொடக்கத்தில் அதற்குள் இடம் மறுக்கப்பட்டவர்கள்.

இங்கிலாந்து தந்த முதல்

1215 ஜூன் மாதம் தேம்ஸ் நதிக்கரையில் ரன்னிமீட் புல்வெளியில் ஜான் மன்னரைப் பிரபுக்கள் வழிக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே எழுதப்பட்ட மாக்னா கார்ட்டா, குடியானவனுக்காக எழுதப்பட்டதல்ல. பிரபுக்கள் தங்கள் நிலத்தையும் பணத்தையும் காத்துக்கொள்ளச் செய்த ஏற்பாடு அது. ஆனாலும் அதன் 39-ஆவது கூறு, தன் சமநிலையில் உள்ளோரின் தீர்ப்போ நாட்டின் சட்டமோ இன்றி எந்தச் சுதந்திர மனிதனையும் சிறைப்பிடிக்கக் கூடாது என்றது. மன்னனும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் என்ற கருத்து எழுத்தில் ஏறிவிட்டது.

நானூறு ஆண்டுகள் கழித்து எட்வர்டு கோக் என்ற சட்ட அறிஞர் அந்தப் பழைய ஆவணத்தைத் தூசு தட்டி எடுத்து, ஸ்டூவர்ட் மன்னர்களுக்கு எதிரான வாதமாக நாடாளுமன்றத்தில் வைத்தார். 1628-இன் உரிமை மனுவும் 1689-இன் உரிமைச் சட்டமும் அந்தப் போராட்டத்தின் விளைவுகள். நாடாளுமன்றத்தின் இசைவின்றி வரி இல்லை, கொடூரமான தண்டனை இல்லை என்பவை அப்போது உறுதியாயின. அமெரிக்க அரசியலமைப்பின் 8-ஆவது திருத்தம், 1689-இன் சட்ட வாசகத்தை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டது.

கடல் கடந்து போனவர்கள் இந்த உரிமைகளைத் தாயகத்திலேயே விட்டுவிட்டுப் போகவில்லை. 1606-இல் முதலாம் ஜேம்ஸ் வெர்ஜீனியாவுக்குத் தந்த பட்டயம், அங்கே குடியேறுவோரும் அவர்கள் பிள்ளைகளும் இங்கிலாந்தில் பிறந்தவர்களுக்குரிய எல்லா உரிமைகளையும் பெறுவர் என்று வாக்களித்திருந்தது. 1760-களில் வரிக்கு எதிராகக் கிளம்பியவர்கள், எழுதித் தந்ததைக் கொடு என்றுதான் முதலில் கேட்டார்கள்.

கம்பெனிப் பட்டயம் அரசியல் சட்டமான கதை

வெர்ஜீனியாவும் மாசசூசெட்ஸும் வணிகக் கம்பெனிகளாகத் தொடங்கியவை. இந்தக் கதையின் மிகச் சுவையான பகுதி இதுவே. பொது வரலாறுகளில் அதிகம் பேசப்படாததும் இதுவே.

வெர்ஜீனியா கம்பெனி 1607-இல் ஜேம்ஸ்டவுனில் குடியேற்றம் அமைத்தது. பசியும் நோயும் ஆள்களைத் தின்றன. இராணுவச் சட்டத்தின் கீழ் வேலை வாங்கியும் லாபம் வரவில்லை. ஆள்கள் வந்து தங்க வேண்டுமானால் நிலமும் வேண்டும், பேசும் உரிமையும் வேண்டும் என்று கம்பெனி உணர்ந்தது. 1619 ஜூலை 30 அன்று ஜேம்ஸ்டவுன் மரத் தேவாலயத்தில், 11 குடியிருப்புகளிலிருந்து இருவர் வீதம் தேர்ந்தெடுக்கப்பட்ட 22 பேராளர்கள் ஆளுநர் ஜார்ஜ் யார்ட்லி முன்னிலையில் கூடினார்கள். ஆங்கிலேய அமெரிக்காவின் முதல் பிரதிநிதித்துவச் சட்டசபை அது. சூதாட்டம், குடி, சோம்பல் ஆகியவற்றுக்குத் தண்டனை விதித்தார்கள். புகையிலைக்கு விலை நிர்ணயித்தார்கள்.

அந்த முதல் கூட்டத்திலேயே ஒரு தகராறு எழுந்தது. ஜான் மார்ட்டின் என்பவருடைய பண்ணைக்குத் தனிப் பட்டயம் இருந்தது. குடியேற்றத்தின் சட்டங்கள் பல அவரைக் கட்டுப்படுத்தா. அப்படியானால் அவருடைய பேராளர்கள் இருவர் இங்கே எதற்கு என்று சபை கேட்டது. மார்ட்டின் தன் விலக்கை விட்டுக்கொடுக்க மறுத்தார். அவருடைய ஆள்கள் வெளியேற்றப்பட்டார்கள். சட்டம் செய்பவன் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவனாக இருக்க வேண்டும் என்ற கொள்கையை எந்த நூலையும் படிக்காமல் அந்தத் தோட்டக்காரர்கள் நிலைநாட்டினார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில், அதே வெர்ஜீனியாவின் கரையில், சிறைப்பிடிக்கப்பட்ட இருபதுக்குச் சற்று மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை ஒரு கப்பல் இறக்கிவிட்டது. முதல் சட்டசபைக்கும் அடிமை வாழ்வுக்கும் இடையே ஒரு மாதம்கூட முழுதாக இல்லை. அமெரிக்க வரலாறு முழுவதும் இந்த இரண்டும் பிரியாமல் வரும்.

மாசசூசெட்ஸின் கதை இன்னும் விந்தையானது. 1629-இல் மாசசூசெட்ஸ் விரிகுடாக் கம்பெனிக்கு முதலாம் சார்லஸ் தந்த பட்டயத்தில், பங்குதாரர்களின் பொதுச்சபை எந்த ஊரில் கூட வேண்டும் என்று சொல்லப்படவில்லை. பியூரிட்டன் தலைவர்கள் அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டார்கள். 1630-இல் ஜான் வின்த்ராப் கப்பலேறியபோது பட்டயத்தையே கையோடு கொண்டுபோய்விட்டார். கம்பெனியின் தலைவர் குடியேற்றத்தின் ஆளுநரானார். பங்குதாரர்களின் இடத்தில் குடிமக்கள் வந்தார்கள். பொதுச்சபை சட்டசபையானது. மாசசூசெட்ஸ் சட்டசபை இன்றும் கம்பெனிக் காலத்துப் பெயரால்தான் வழங்குகிறது.

இதே வகை அரச பட்டயத்தோடு 1600-இல் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி, 1639-இல் சென்னைக் கடற்கரையில் இடம் பெற்றுக் கோட்டை கட்டியது. ஆனால் அதன் பங்குதாரர் சபை லண்டனை விட்டு நகரவில்லை. அங்கே பங்கு இருந்தவனுக்கு வாக்கு இருந்தது. இங்கே வரி கொடுத்தவனுக்கு இல்லை. பட்டயமும் பொதுச்சபையும் யாருடைய கையில் இருந்தன என்பதே இரண்டு நாடுகளின் கதையையும் பிரித்தது.

பட்டயத்தைக் காட்டு என்றார்கள்

வின்த்ராப் மக்களாட்சியை விரும்பியவரல்லர். சட்டம் செய்யும் அதிகாரத்தை ஆளுநரும் சில உதவியாளர்களுமே வைத்துக்கொண்டார்கள். 1632-இல் பாதுகாப்பு வேலி கட்ட வரி விதித்தபோது, எங்களைக் கேட்காமல் விதித்த வரியை நாங்கள் ஏன் தர வேண்டும் என்று வாட்டர்டவுன் ஊர்க்காரர்கள் முரண்டு பிடித்தார்கள். 1634-இல் ஊர்களின் பேராளர்கள் ஒன்றுகூடி, பட்டயத்தைக் காட்டுங்கள் என்று நேரே கேட்டார்கள். வாசித்துப் பார்த்ததும் உண்மை வெளியானது. சட்டம் செய்யும் அதிகாரம் உறுப்பினர் அனைவரும் சேர்ந்த பொதுச்சபைக்கே உரியது என்று அதில் இருந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் வின்த்ராப் ஆளுநர் பதவியை இழந்தார். அதன்பின் ஒவ்வோர் ஊரும் பேராளர்களை அனுப்பியது.

இந்த நிகழ்ச்சியை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். தத்துவம் பேசவில்லை, ஆயுதம் எடுக்கவில்லை. எழுதிவைத்ததை எடுத்துக்காட்டி ஆள்பவரைப் பணியவைத்தார்கள். பின்னாளில் நீதிமன்றங்கள் அரசியலமைப்புச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரசின் செயலைச் செல்லாது என்று சொல்லும் வழக்கத்துக்கு இதுவே மூதாதை.

ஈரவை முறைக்கும் இப்படி ஓர் எளிய தொடக்கம் உண்டு. பாஸ்டனில் ஷெர்மன் என்ற ஏழைப் பெண்ணின் பன்றி காணாமல் போனது. ராபர்ட் கெய்ன் என்ற பணக்கார வணிகர்தான் அதைக் கொன்றுவிட்டார் என்று அவர் வழக்குத் தொடுத்தார். 1642-இல் வழக்கு பொதுச்சபைக்கு வந்தபோது ஊர்ப் பேராளர்களில் பெரும்பாலோர் அந்தப் பெண்ணின் பக்கம் நின்றார்கள். உதவியாளர்கள் வணிகரின் பக்கம். யார் வாக்கு செல்லும் என்ற சண்டை முற்றி, 1644-இல் சபை இரண்டாகப் பிரிந்தது. மேலவை, கீழவை என்று அரசியல் நூல்கள் விளக்கும் ஏற்பாடு அங்கே ஒரு பன்றியால் வந்தது.

இந்தப் பெரிய சபைக்கு அடியில் ஊர்க்கூட்டங்கள் இருந்தன. சாலை, வேலி, மேய்ச்சல் நிலம், பள்ளிக்கூடம், ஏழைகளின் பராமரிப்பு எல்லாவற்றையும் ஆண்கள் கூடிப் பேசி வாக்கெடுத்து முடிவு செய்தார்கள். இங்கிலாந்தில் வாக்குக்குத் தேவையான சொத்து வெகு சிலரிடமே இருந்தது. நிலம் எளிதில் கிடைத்த குடியேற்றங்களில் வெள்ளை ஆண்களில் பெரும் பகுதியினர் அந்தத் தகுதியை எட்டினார்கள். ஆனால் அந்த நிலம் யாரிடமிருந்து வந்தது என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியாது.

திருச்சபையும் பூர்வகுடிகளும்

பியூரிட்டன்கள் தங்கள் சபையைத் தாங்களே உடன்படிக்கை செய்து அமைத்தார்கள். போதகரைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். இந்தப் பழக்கம் அரசியலுக்குள் எளிதாக நுழைந்தது. 1620 நவம்பரில் மேஃபிளவர் கப்பலில் வந்தவர்கள், தாங்கள் போய்ச்சேர்ந்த இடம் பட்டயத்தின் எல்லைக்கு வெளியே இருந்ததால், கரையிறங்குமுன் ஓர் உடன்படிக்கை எழுதினார்கள். 41 ஆண்கள் கையெழுத்திட்டார்கள். 1639-இல் கனெக்டிகட் ஊர்கள் தங்கள் ஆட்சி முறையைத் தாங்களே எழுதிக்கொண்டன.

ஆனால் திருச்சபையை மக்களாட்சியின் தாய் என்பது மிகை. மாசசூசெட்ஸில் சபை உறுப்பினர் அல்லாதவருக்கு வாக்கில்லை; மாற்றுக் கருத்துள்ளவர்கள் நாடு கடத்தப்பட்டார்கள். அப்படி விரட்டப்பட்ட ரோஜர் வில்லியம்ஸ் 1636-இல் பிராவிடன்ஸ் நகரை அமைத்து, மனச்சாட்சியில் அரசு தலையிடாது என்ற வழியைத் திறந்தார். பின்னர் முதலாவது திருத்தமாக வந்த சமய உரிமைக்கு, விரட்டியவர்களைவிட விரட்டப்பட்டவரே நெருங்கிய முன்னோர்.

இரோகுவா கூட்டமைப்பு தனி மதிப்பீட்டுக்குரியது. மோஹாக், ஒனைடா, ஓனண்டாகா, கயூகா, செனகா ஆகிய ஐந்து இனங்கள் சேர்ந்து, போரை விலக்கிப் பொது அவையில் பேசி முடிவெடுத்தன; 18-ஆம் நூற்றாண்டில் டஸ்கரோரா ஆறாவதாகச் சேர்ந்தது. 1744-இல் லங்காஸ்டர் உடன்படிக்கைப் பேச்சில் ஓனண்டாகா தலைவர் கனசட்டேகோ, எங்களைப்போல நீங்களும் ஒன்றுபடுங்கள் என்று குடியேற்றங்களுக்கு அறிவுரை சொன்னார். அந்த நடவடிக்கைகளை அச்சிட்டு வெளியிட்டவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். பத்தாண்டு கழித்து ஆல்பனியில் அவர் ஓர் ஒன்றியத் திட்டத்தை முன்வைத்தார். குடியேற்றங்கள் அதை ஏற்கவில்லை. 1988-இல் அமெரிக்கக் காங்கிரஸ் இரோகுவாவின் பங்களிப்பை ஒரு தீர்மானத்தில் ஒப்புக்கொண்டது.

ஒன்றியம் என்ற கருத்துக்கு அவர்கள் ஊக்கம் தந்தார்கள் என்பது நியாயமான முடிவு. அரசியலமைப்பின் அமைப்பு அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது என்பதற்குச் சான்று போதாது. இரோகுவா குலத்தாய்மார்கள் தலைவர்களை நியமித்தார்கள், நீக்கவும் செய்தார்கள். பிலடெல்பியாவில் எழுதப்பட்ட சட்டம் பெண்களுக்கு அப்படி எந்த அதிகாரமும் தரவில்லை. 1779-இல் வாஷிங்டன் அனுப்பிய படை இரோகுவா ஊர்கள் நாற்பதுக்கு மேற்பட்டவற்றை எரித்தது. கற்றுக்கொண்டதைவிடப் பறித்துக்கொண்டது அதிகம்.

நூல்கள் செய்த வேலை

லாக்கும் மான்டெஸ்கியூவும் என்ன செய்தார்கள்? ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த வாழ்க்கைக்கு விளக்கமும் வாதமும் தந்தார்கள். ஆள்பவரின் அதிகாரம் ஆளப்படுவோரின் இசைவிலிருந்து வருகிறது என்று லாக் எழுதியது, வாட்டர்டவுன்காரர்கள் முரண்டு பிடித்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகு. மான்டெஸ்கியூ 1748-இல் அதிகாரப் பிரிவினையை விளக்கியபோது, ஆளுநரும் சட்டசபையும் நீதிமன்றமும் தனித்தனியே மோதிக்கொள்வதைக் குடியேற்றவாசிகள் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிரேக்கமும் ரோமும் முன்மாதிரிகளாக இருந்ததைவிட எச்சரிக்கைகளாகவே அதிகம் பயன்பட்டன. அரசியலமைப்பை வரைந்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மாடிசன் பிலடெல்பியாவுக்குப் போகுமுன் பழைய கூட்டமைப்புகளின் வரலாற்றையெல்லாம் படித்துக் குறிப்பெடுத்தார். அந்தச் சட்டத்தை ஆதரித்து எழுதப்பட்ட ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள் 85-இல் மூன்று, கிரேக்கக் கூட்டணிகள், ஜெர்மன் பேரரசு, நெதர்லாந்து போன்றவை ஏன் தளர்ந்தன என்பதையே ஆராய்கின்றன.

ஊர்கள் திருப்பியனுப்பிய சட்டம்

1765-இன் முத்திரை வரி, அதை எதிர்த்து நியூயார்க்கில் ஒன்பது குடியேற்றங்கள் கூடிய மாநாடு, 1773 டிசம்பர் 16 இரவு கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலைப் பெட்டிகள் பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டப்பட்டது ஆகியவை பலரும் அறிந்தவை. அதற்குத் தண்டனையாக 1774-இல் லண்டன் நிறைவேற்றிய சட்டங்களில் ஒன்று, ஆளுநரின் அனுமதியின்றி ஊர்க்கூட்டம் ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் கூடக் கூடாது என்றது. ஆணிவேர் எது என்பதை எதிரியே நன்றாகக் கண்டுகொண்டான்.

விடுதலை அறிக்கையை ஒட்டிய காலத்தில் பெரும்பாலான மாநிலங்கள் தங்களுக்கு அரசியலமைப்பு எழுதிக்கொண்டன. பெரும்பாலும் சட்டசபைகளே எழுதின. 1776 அக்டோபரில் மாசசூசெட்ஸின் கான்கார்டு ஊர்க்கூட்டம் ஒரு கேள்வி எழுப்பியது. சட்டசபையே அரசியலமைப்பை எழுதினால், பிறகு அந்தச் சட்டசபையே அதை மாற்றலாமே. அப்படியானால் குடிமகனுக்கு என்ன பாதுகாப்பு? இதற்கென்றே மக்கள் தனிப் பேரவை ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றது அந்தச் சிற்றூர். 1778-இல் சட்டசபை எழுதி அனுப்பிய வரைவை ஊர்கள் பெரும்பான்மையாக நிராகரித்தன. உரிமைகளின் பட்டியல் இல்லை என்பது குறைகளில் ஒன்று. பின்னர் தனிப் பேரவை கூடியது. ஜான் ஆடம்ஸ் வரைவு எழுதினார். ஊர்கள் வரி வரியாக விவாதித்து 1780-இல் ஏற்றன. இன்றும் நடைமுறையிலுள்ள எழுதப்பட்ட அரசியலமைப்புகளில் மிகப் பழையது அது. சாதாரணச் சட்டத்துக்கு மேலே ஒரு சட்டம், அதை எழுதத் தனிப் பேரவை, ஏற்க மக்கள் வாக்கு: உலக அரசியலுக்கு அமெரிக்கா தந்த மிகப் பெரிய புதுமை இதுவே.

1787-இல் பிலடெல்பியாவில் கூடிய 55 பேர் இந்த அனுபவங்களைத் தொகுத்தார்கள். மூடிய கதவுக்குப் பின்னே நான்கு மாதம் பேசினார்கள். நேரடி மக்கள் ஆதிக்கத்தை அவர்கள் அஞ்சினார்கள். செனட்டர்களை மாநிலச் சட்டசபைகளும், குடியரசுத் தலைவரைத் தேர்வாளர் குழுவும் தேர்ந்தெடுக்க வைத்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 25 பேர் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர்கள். மக்கள்தொகைக் கணக்கில் அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணி, எசமானர்களின் மாநிலங்களுக்குக் கூடுதல் இடங்கள் தந்தார்கள். அடிமை வணிகத்தை 1808 வரை காங்கிரஸ் தடுக்க முடியாதபடி செய்தார்கள். மக்கள் மாநில மாநாடுகளில் கேட்ட பிறகே 1791-இல் பத்துத் திருத்தங்களாக உரிமைகளின் பட்டியல் சேர்ந்தது.

வெளியே நின்றவர்கள்

மாசசூசெட்ஸின் ஷெஃபீல்டு ஊரில் ஜான் ஆஷ்லி என்ற செல்வந்தர் வீட்டில், 1773-இல் ஊர்ப் பெரியவர்கள் கூடி ஓர் அறிக்கை எழுதினார்கள். மனிதர் அனைவரும் சமம், சுதந்திரமானவர்கள் என்றது அது. அதே வீட்டில் பெட் என்ற கறுப்பினப் பெண் அடிமையாக வேலை செய்துகொண்டிருந்தார். 1780-இன் அரசியலமைப்பும் அதையே சொன்னபோது, அந்தச் சொல் எனக்கும் பொருந்தாதா என்று கேட்டு அவர் வழக்கறிஞரை நாடினார். 1781-இல் நடுவர் குழு அவரை விடுவித்தது. ஆஷ்லி இழப்பீடு தர வேண்டும் என்றது. எலிசபெத் ஃப்ரீமன் என்று பெயர் வைத்துக்கொண்டு அவர் வாழ்ந்தார். இரண்டு ஆண்டுகளில் குவாக் வாக்கர் என்ற மற்றோர் அடிமையின் வழக்கில் மாநில உயர் நீதிமன்றம், அரசியலமைப்புக்கும் அடிமைமுறைக்கும் பொருத்தமில்லை என்றது.

பட்டயத்தைக் காட்டு என்று 1634-இல் பேராளர்கள் கேட்டதையும் 1781-இல் பெட் கேட்டதையும் ஒரே வரிசையில்தான் வைக்க வேண்டும். 1848-இல் செனகா ஃபால்ஸில் கூடிய பெண்கள் விடுதலை அறிக்கையின் நடையிலேயே தங்கள் அறிக்கையை எழுதினார்கள். வாக்கு 1920-இல் வந்தது. கறுப்பின ஆண்களுக்கு 1870-இல் 15-ஆவது திருத்தம் வாக்குரிமை தந்தது. எழுத்தறிவுத் தேர்வு, தலைவரி, வன்முறை ஆகியவற்றால் தென்மாநிலங்கள் அதைப் பறித்தன. பூர்வகுடிகள் அனைவருக்கும் குடியுரிமை 1924-இல்தான் கிடைத்தது.

கறுப்பின மக்களின் வாக்குரிமைப் போராட்டத்தின் கடைசிக் கட்டத்துக்கு இந்தியாவிலிருந்தும் ஒரு வேர் போயிற்று. 1950-களில் நாக்பூரில் பணியாற்றிக் காந்தியின் வழியைக் கற்றுத் திரும்பிய ஜேம்ஸ் லாசன், நாஷ்வில் மாணவர்களுக்கு அறப்போர்ப் பயிற்சி தந்தார். மார்ட்டின் லூதர் கிங் 1959-இல் இந்தியா வந்து போனார். 1965 மார்ச்சில் வாக்குரிமை கேட்டுச் செல்மா பாலத்தில் அடி வாங்கியவர்கள் அதே ஆண்டு ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டத்தைப் பெற்றுத் தந்தார்கள். இந்தியா 1951-52-இல் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அளித்துத் தேர்தல் நடத்தி முடித்துப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அது.

தொகுத்துப் பார்த்தால்

இங்கிலாந்து சட்ட மரபைத் தந்தது. கம்பெனிப் பட்டயங்கள் ஆட்சியின் வடிவத்தைத் தந்தன. ஊர்க்கூட்டம் பயிற்சியைத் தந்தது. திருச்சபை உடன்படிக்கைப் பழக்கத்தைத் தந்தது. இரோகுவா ஒன்றியத்துக்கு ஊக்கம் தந்தது. நூல்கள் வாதங்களைத் தந்தன. இவை எல்லாம் சேர்ந்து 1787 அளவில் உருவாக்கியது சொத்துள்ள வெள்ளை ஆண்களின் குடியரசை. அதை மக்களாட்சி ஆக்க இன்னும் 178 ஆண்டுகள் ஆயின. அந்த வேலையைச் செய்தவர்கள் எலிசபெத் ஃப்ரீமனின் வழி வந்தவர்கள்.

பெற்றது நிலைத்துவிடும் என்ற உறுதியும் இல்லை. 2013-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியமான ஒரு பிரிவைச் செல்லாததாக்கியது. அரசியலமைப்பை எழுதியவர்களின் அறிவை மட்டும் போற்றும் வரலாறு ஒரு நாட்டைச் சோம்பேறியாக்கிவிடும். எழுதிவைத்ததைக் காட்டு என்று கேட்கும் குடிமக்கள் இருந்த காலங்களில்தான் அமெரிக்க மக்களாட்சி வளர்ந்திருக்கிறது. அப்படிக் கேட்பவர்கள் இல்லாத இடத்தில் எந்த அரசியலமைப்பும் வெறும் காகிதமே.